விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கேமில் சத்தம் இல்லையா? ஃபார்மட் பண்ணும் முன் இதைப் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அதற்கு முன்னும் பின்னுமாக வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்து வீடுகளில் இருந்த சிஸ்டங்கள் ஒவ்வொன்றாக 11-க்கு மாறின. அதிலிருந்து எங்கள் சர்வீஸ் கடைக்கு ஒரே மாதிரிப் புகார் வந்துகொண்டே இருக்கிறது. "அண்ணா, யூடியூப்ல பாட்டு கேக்குது, கேம்ல மட்டும் சத்தமே வர மாட்டேங்குது." அடுத்த மூச்சிலேயே, "ஃபார்மட் போட்டுறலாமாணா?"

வேண்டாம் தம்பி. சத்தம் தொலைந்துபோவது அபூர்வம். பெரும்பாலும் அது வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கும். அப்டேட் ஆனதும் விண்டோஸ் ஆடியோ டிவைஸ்களை மறுபடி எண்ணிப் பார்க்கிறது. சிலதைப் புதிதாக வந்ததாக நினைத்து முன்னால் நிறுத்துகிறது, நாம் போட்டு வைத்த சில செட்டிங்கைப் பழைய நிலைக்குத் தள்ளுகிறது. அதனால் டிரைவரைக் கடைசியில்தான் தொட வேண்டும். ஆனால் எல்லாரும் முதலில் கை வைப்பது அங்கேதான். அதிலும் 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் அப்டேட் செய்வோம்' என்று விளம்பரத்தில் வரும் சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு வேலை இரட்டிப்பாகிவிடும். அதை முதலில் நீக்கிவிட்டு மேலே படியுங்கள்.

கீழே உள்ள மெனு பெயர்கள் விண்டோஸ் 11-க்கானவை.

எதற்கும் முன்னால்: ரீஸ்டார்ட், அப்புறம் பச்சைக் கோடு

ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது ரீஸ்டார்ட் ஆகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உள் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். குழம்பிப்போன ஆடியோ டிரைவரும் அந்தக் குழப்பத்தோடே எழுந்து வரும். ஸ்டார்ட் மெனுவில் 'ரீஸ்டார்ட்' என்பதையே அழுத்துங்கள். அப்டேட் பாதியில் நின்றிருந்தாலும் அதில் முடிந்துவிடும்.

இப்போது செட்டிங்ஸ் > சிஸ்டம் > சவுண்ட் போய், பக்கத்தின் அடியில் இருக்கும் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்பதை அழுத்துங்கள். பழைய கண்ட்ரோல் பேனல் பாணியில் ஒரு சின்ன விண்டோ திறக்கும். அதில் 'பிளேபேக்' டேபில் உங்கள் டிவைஸ்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் வலப்பக்கமும் செங்குத்தாக ஒரு கோடு உண்டு. அந்த டிவைசுக்குச் சத்தம் போகும்போது அது பச்சையாக மேலும் கீழும் ஆடும்.

கேமை முழுத்திரையில் வைக்காமல் விண்டோ மோடில் திறந்து, இந்தச் சின்ன விண்டோவை ஓரமாக நிறுத்துங்கள். பிறகு கேமுக்குள் கிளிக் செய்து ஏதாவது சத்தம் வரும்படி விளையாடிக்கொண்டே கோட்டைக் கவனியுங்கள். கேமுக்குள் கிளிக் செய்வது முக்கியம். வேறு விண்டோவுக்குப் போனால் தானாக வாயை மூடிக்கொள்ளும் கேம்கள் நிறைய இருக்கின்றன. அது தெரியாமல் பார்த்தால் கேமில் சத்தமே கிளம்பவில்லை என்று தவறாக முடிவு செய்வீர்கள்.

கோடு ஆடினால் கேம் தன் வேலையைச் செய்துவிட்டது, தடங்கல் அதற்குப் பிறகு எங்கோ இருக்கிறது. எந்தக் கோடும் ஆடவில்லை என்றால் தடங்கல் கேமுக்கும் விண்டோசுக்கும் நடுவில். மீதி எல்லாம் இதிலிருந்து பிரியும் கிளைகள்தான்.

கோடு ஆடுகிறது, ஆனால் மானிட்டர் பெயருக்கு எதிரே

கடைக்கு வருவதில் அதிகம் இதுதான். கிராபிக்ஸ் கார்டு டிரைவரோடு ஓர் ஆடியோ டிரைவரும் சேர்ந்து வரும், என்விடியாவானாலும் ஏஎம்டியானாலும். எச்டிஎம்ஐ அல்லது டிஸ்பிளேபோர்ட் கேபிள் வழியாகச் சத்தத்தையும் அனுப்புவதற்காக அது. அப்டேட் அதைப் புதுப்பித்ததும், விண்டோஸ் மானிட்டரையே முதல் ஸ்பீக்கராக எடுத்துக்கொள்கிறது. உங்கள் மானிட்டரிலோ ஸ்பீக்கரே கிடையாது, பின்னால் இயர்போன் ஓட்டை மட்டும் இருக்கும். பூட்டிய வீட்டுக்குத் தபால் போட்ட கதைதான்.

சரி, யூடியூப் மட்டும் எப்படிக் கேட்கிறது? ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி அவுட்புட் வைக்க விண்டோஸில் வசதி இருக்கிறது. எப்போதோ உங்கள் பிரவுசரை மட்டும் ஸ்பீக்கரோடு கட்டி வைத்திருப்பீர்கள். அது அப்படியே நிற்கும். டீஃபால்ட்டை நம்பி ஓடும் கேம் மானிட்டர் பக்கம் போய்விடும்.

தீர்வு எளிது. அதே பிளேபேக் டேபில் உங்கள் ஸ்பீக்கர் அல்லது ஹெட்செட்டை ரைட் கிளிக் செய்து 'செட் ஆஸ் டீஃபால்ட் டிவைஸ்' கொடுங்கள். மானிட்டர் வழியாகச் சத்தம் எப்போதுமே வேண்டாம் என்றால் மானிட்டரை ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' செய்துவிடலாம். லீவு நாளில் டிவியில் மாட்டி விளையாடும் வீடாக இருந்தால் டிசேபிள் வேண்டாம். இல்லாவிட்டால் டிவியில் சத்தம் வரவில்லை என்று அடுத்த வாரம் வேறொரு புகார் கிளம்பும். அவசரத்துக்கு விண்டோஸ் கீ, கண்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அவுட்புட் மாற்றும் பட்டியல் மூலையிலேயே திறக்கும்.

நம்மூர் வீடுகளில் இன்னொன்றும் பார்க்கிறேன். சிபியு யூபிஎஸ்ஸில் இருக்கும், மானிட்டர் நேரே சுவர் பிளக்கில் இருக்கும். கரண்ட் போய் வந்தால் சிபியுவுக்கு ஒன்றும் தெரியாது. மானிட்டர் மட்டும் அணைந்து எழும், விண்டோசுக்கு அது புதிதாக ஒரு டிவைஸ் வந்து சேர்ந்தது போலத் தெரியும். 'காலையில சரியா இருந்துச்சு, மதியம் போச்சு' என்று சொல்பவர்கள் முதலில் இதைச் சந்தேகிக்கலாம். மானிட்டர் பிளக்கையும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றிவிட்டுக் கவனியுங்கள்.

உங்கள் ஸ்பீக்கர் பெயரே பட்டியலில் இல்லையா? காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'ஷோ டிசேபிள்டு டிவைசஸ்' டிக் போடுங்கள். மங்கலாகத் தெரிந்தால் எனேபிள் செய்யுங்கள். தெரியவே இல்லை என்றால் டிரைவர் பகுதிக்குப் போங்கள்.

மற்ற எல்லாம் கேட்கிறது, ஒரு கேம் மட்டும் ஊமை

செட்டிங்ஸ் > சிஸ்டம் > சவுண்ட் > வால்யூம் மிக்சர். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அதன் பெயர் வராது. அதன் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கிறதா, அவுட்புட் டிவைஸ் இடத்தில் வேறு ஏதாவது பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் அடியில் உள்ள 'ரீசெட்' பட்டனை அழுத்துங்கள். எல்லா ஆப்களும் டீஃபால்ட்டுக்குத் திரும்பும்.

அடுத்தது கேமுக்குள்ளே இருக்கும் ஆடியோ மெனு. சில கேம்களில் அவுட்புட் டிவைசைத் தனியாகத் தேர்வு செய்யலாம். அப்டேட்டில் டிரைவர் மாறினால், பார்க்க அதே பெயராக இருந்தாலும் விண்டோசுக்கு உள்ளே அது வேறு டிவைஸ். கேம் பழைய அடையாளத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். 'டீஃபால்ட்' என்று மாற்றி, கேமை மூடித் திறங்கள். மொபைல் கேமை எமுலேட்டரில் ஆடுபவர்கள் எமுலேட்டரின் செட்டிங்ஸிலும் ஸ்பீக்கர் எது என்று பார்த்துவிடுங்கள்.

காலேஜ் பையன்கள் லேப்டாப்பில் 'ஸ்டீம் ஸ்ட்ரீமிங் ஸ்பீக்கர்ஸ்' மாதிரி ஒரு போலி ஸ்பீக்கர் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரீமிங்குக்கோ ரெக்கார்டிங்குக்கோ ஏதோ ஒரு சாஃப்ட்வேர் சேர்த்தது. அதற்கு எதிரே பச்சைக் கோடு ஆடினால் வேறு விசாரணை தேவையில்லை. டீஃபால்ட்டை மாற்றினால் போதும்.

இதற்கும் மசியாவிட்டால் கேமின் லாஞ்சரில் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதியை ஓட்டுங்கள். ஸ்டீமில் 'வெரிஃபை இன்டெக்ரிட்டி' என்று இருக்கும். கேமை முழுசாக அழித்து மறுபடி 100 ஜிபி இறக்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

மியூசிக் கேட்கிறது, துப்பாக்கி கேட்கிறது, ஆள் பேசுவது மட்டும் கேட்கவில்லை

நிறையப் பேர் இதைக் கேமின் கோளாறு என்றே நினைத்துவிடுகிறார்கள். உதடு அசையும், சப்டைட்டில் ஓடும், பின்னால் மழைச் சத்தம்கூடத் தெளிவாக இருக்கும், குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும் அல்லது வரவே வராது.

காரணம் 5.1. அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் உங்களிடம் ஆறு ஸ்பீக்கர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. கேமும் அதை நம்பி, பேச்சை நடு ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. 5.1 அமைப்பில் வசனத்துக்கான இடம் அதுதான். உங்களிடம் இருப்பது இடது, வலது இரண்டும் மட்டுமே.

சிபியு பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பச்சை ஓட்டை முன் ஸ்பீக்கருக்கு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும், கறுப்பு பின் ஸ்பீக்கருக்கு. மூன்றே ஓட்டை உள்ள மதர்போர்டுகளில் 5.1 ஆனதும், மைக்குக்கான பிங்க் ஓட்டை நடு ஸ்பீக்கராகவும் லைன் இன்னுக்கான நீல ஓட்டை பின் ஸ்பீக்கராகவும் வேஷம் மாறும். உங்கள் ஒயர் பச்சையில் மட்டும் இருக்கிறது. பேச்சு ஆரஞ்சிலோ பிங்க்கிலோ காற்றில் போகிறது.

பிளேபேக் டேபில் ஸ்பீக்கரைத் தேர்வு செய்து, இடப்பக்கம் கீழே 'கான்ஃபிகர்' அழுத்தி, 'ஸ்டீரியோ' தேர்வு செய்து கடைசி வரை நெக்ஸ்ட் கொடுங்கள். நடுவில் 'டெஸ்ட்' பட்டன் இருக்கும். அதை அழுத்திப் பார்த்தால் எந்தப் பக்கம் கேட்கிறது, எந்தப் பக்கம் கேட்கவில்லை என்று காதிலேயே தெரிந்துவிடும். கேமுக்குள்ளும் ஆடியோ 'சரவுண்ட்' என்று இருந்தால் 'ஸ்டீரியோ' அல்லது 'ஹெட்போன்' என்று மாற்றுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் சில கேம்களில் குரல் வராது.

கூடவே சவுண்ட் பக்கத்தில் உங்கள் டிவைஸ் பெயரைத் தட்டி உள்ளே போய் 'ஸ்பேஷியல் சவுண்ட்' ஆஃப், 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' ஆஃப் என்று வையுங்கள். ஆஃப் செய்ததும் சரியானால் பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், சாதாரண ஹெட்செட்டுக்கு இரண்டுமே தேவையில்லை.

வாய்ஸ் சேட் போட்டதும் கேம் சத்தம் அடங்கிவிடுகிறது

இதில் இரண்டு உண்டு. முதலாவது, மோர் சவுண்ட் செட்டிங்ஸில் 'கம்யூனிகேஷன்ஸ்' என்று ஒரு டேப் இருக்கிறது. யாராவது பேச்சில் இருந்தால் மற்ற சத்தத்தை 80 சதவீதம் குறை என்பதுதான் அங்கே வழக்கமாக இருக்கும் தேர்வு. நீங்கள் முன்பே மாற்றி வைத்திருந்தாலும் அப்டேட்டுக்குப் பிறகு ஒருமுறை பாருங்கள். 'டூ நத்திங்' தேர்வு செய்தால் வேலை முடிந்தது.

இரண்டாவது ப்ளூடூத் ஹெட்செட். பழைய வகை ப்ளூடூத்தில் நல்ல ஸ்டீரியோ சத்தமும் மைக்கும் ஒரே நேரத்தில் ஓடாது. மைக் திறந்த நொடியில் ஹெட்செட் ஃபோன் பேசும் முறைக்குத் தாவிவிடும். சத்தம் ரேடியோ மாதிரி ஒற்றையாகி மங்கும், சில கேம்களில் அறவே நின்றுவிடும். ஹெட்செட் பழுதாகிவிட்டது என்று புதிது வாங்க ஓடாதீர்கள். டிஸ்கார்டிலும் கேமிலும் இன்புட் டிவைஸ் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்வு செய்யுங்கள். அவுட்புட் ஹெட்செட்டாகவே இருக்கட்டும். ஹெட்செட்டின் மைக்கை யாரும் கேட்காத வரை அது ஸ்டீரியோவிலேயே நிற்கும். ஹாஸ்டல் ரூமில் மற்றவர்கள் பேசுவதும் சேர்ந்து விழும்தான், அதற்கு ஒயர் ஹெட்செட்தான் வழி.

நண்பர்கள் பேசுவது கேட்கிறது, நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் செட்டிங்ஸ் > பிரைவசி அண்ட் செக்யூரிட்டி > மைக்ரோஃபோன் போய், அடியில் டெஸ்க்டாப் ஆப்களுக்கான அனுமதி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதிலுமே சத்தம் இல்லை

இப்போதுதான் டிரைவர். அதற்கும் முன் ஒரு சின்ன வேலை: ஸ்டார்ட்டில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர்' என்பதை ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். 'விண்டோஸ் ஆடியோ' அதோடு சேர்ந்து நின்று எழும். இரண்டும் 'ரன்னிங்', 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்க வேண்டும்.

பிறகு ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர். 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கண்ட்ரோலர்ஸ்' என்பதற்குக் கீழே ரியல்டெக்கை (பெரும்பாலான சிஸ்டங்களில் இருக்கும் ஆடியோ சிப்பின் பெயர்) திறந்து, 'டிரைவர்' டேபில் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்த முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அதுவே சிறந்த வழி, அப்டேட்டுக்கு முந்தைய டிரைவர் திரும்பி வந்துவிடும். மங்கிக் கிடந்தால் 'அப்டேட் டிரைவர்' போய், கம்ப்யூட்டரிலேயே தேடும் வழியைத் தேர்வு செய்து, பட்டியலிலிருந்து நானே எடுக்கிறேன் என்ற வரியை அழுத்தி, 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்பதைப் போடுங்கள். இது விண்டோஸின் சொந்த டிரைவர். ஈக்வலைசர் மாதிரி அலங்காரம் எதுவும் இருக்காது, டெஸ்க்டாப்பில் சத்தம் வந்துவிடும். லேப்டாப்பில் மட்டும் ஜாக்கிரதை. சில மாடல்களில் உள் ஸ்பீக்கருக்குத் தனி ஆம்ப்ளிஃபையர் சிப் இருக்கும், பொது டிரைவர் அதை எழுப்பாது. அங்கே தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து அதற்குரிய டிரைவரையே இறக்க வேண்டும்.

'ரியல்டெக் ஆடியோ கன்சோல்' திறந்தால் ஆர்பிசி சர்வீஸோடு இணைக்க முடியவில்லை என்று வருகிறதா? கன்சோல் ஒரு வகை, டிரைவர் வேறு வகையாக இருப்பதால் பெரும்பாலும் வருவது. சத்தம் வருகிறது என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிஸ்டங்களில், விண்டோஸ் 11 நிறுவும்போது வரும் தகுதிச் சோதனையைத் தாண்டிச் செல்லும் வழிகளில் 11 போட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போர்டுக்காரர் 11-க்கென்று டிரைவர் எதுவும் தந்திருக்க மாட்டார். அவர் தளத்தில் கிடக்கும் விண்டோஸ் 10 டிரைவரைப் போட்டுப் பாருங்கள், பல போர்டுகளில் ஓடுகிறது.

சில கோளாறுகள் உண்மையிலேயே அப்டேட்டின் கோளாறுகள். மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டவை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், டிராக் ஆடியோ சாஃப்ட்வேர் உள்ள சில கணினிகளில் உள் ஸ்பீக்கர், ப்ளூடூத் ஸ்பீக்கர் எல்லாமே காணாமல் போயின. 2024 டிசம்பரில் அந்தக் கணினிகளுக்கு அந்தப் பதிப்பே நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 ஜனவரி பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பின், யூஎஸ்பி ஆடியோ 1.0 டிரைவரில் ஓடும் வெளி டேக் (DAC, டிஜிட்டல் சத்தத்தை ஸ்பீக்கருக்கு ஏற்ப மாற்றும் பெட்டி) கருவிகள் 'கோட் 10' என்று காட்டி நின்றுபோயின. இந்த மாதிரி விஷயத்தில் நீங்கள் எவ்வளவு டிரைவரை மாற்றினாலும் பயனில்லை. பிந்தைய அப்டேட்டைப் போடுவதுதான் மருந்து. அதனால் அப்டேட்டால் கெட்டது என்று கோபப்பட்டு அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்தி வைப்பது தலைகீழ் வேலை.

டிவைஸ் மேனேஜரில் எல்லாம் சரியாகத் தெரிகிறது, பச்சைக் கோடும் ஆடுகிறது, காதில் மட்டும் ஒன்றும் இல்லையா? பின்பக்க ஓட்டையில் செருகிப் பாருங்கள். முன்பக்க ஜாக் தூசி பிடித்துக் கெடுவது சகஜம். வேறொரு இயர்போனும் போட்டுப் பாருங்கள். கம்பெனிகளில் கழித்துவிட்ட சின்ன டெஸ்க்டாப் வாங்கியவர்கள் கேபினட்டின் மேல் காதை வையுங்கள். உள்ளே குட்டி ஸ்பீக்கர் இருக்கும், கேம் அங்கே முனகிக்கொண்டிருக்கலாம். போர்டின் ஆடியோ சிப்பே போய்விட்டது என்று உறுதியானால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி சவுண்ட் கார்டு போதும். போர்டு மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

பழைய கேம்கள் மட்டும்

ஃபார்மட் செய்து 11 போட்டவர்களுக்குப் பெரும்பாலும் இது வரும். 2000-களின் பிற்பாதிக் கேம்கள் பலவற்றுக்கு எக்ஸ்ஆடியோ 2.7 என்ற பழைய மைக்ரோசாஃப்ட் ஆடியோ பாகம் வேண்டும். அது விண்டோஸோடு வராது. மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே 'டைரக்ட்எக்ஸ் எண்ட் யூசர் ரன்டைம்ஸ், ஜூன் 2010' என்று இருக்கிறது, அதை நிறுவுங்கள். இன்னும் பழையது என்றால் கேமின் ஆடியோ மெனுவில் 'ஈஏஎக்ஸ்' அல்லது 'ஹார்டுவேர்' என்று இருப்பதை ஆஃப் செய்யுங்கள். கேம் சவுண்ட் கார்டோடு நேராகப் பேசும் அந்த வழியை விண்டோஸ் விஸ்டா காலத்திலேயே மூடிவிட்டார்கள். அதற்கும் வராவிட்டால் ஸ்பீக்கர் ப்ராப்பர்ட்டீஸ் > அட்வான்ஸ்டு போய் ஃபார்மட்டை 24 பிட், 48000 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். 192000 ஹெர்ட்ஸில் முரண்டு பிடிக்கும் கேம்கள் உண்டு. சத்தம் கரகரவென்று விட்டு விட்டு வந்தாலும் இதே இடம்தான் முதல் மருந்து.

ஒன்றுமே நடக்கவில்லை என்றால்

மாத அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் செட்டிங்ஸ் > விண்டோஸ் அப்டேட் > அப்டேட் ஹிஸ்டரி > அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். கழற்றிவிட்டு 'பாஸ் அப்டேட்ஸ்' (Pause updates) போடுங்கள், ஐந்து வாரம் வரை தள்ளி வைக்கலாம். 10-லிருந்து 11-க்கு மாறியதில் வந்தது என்றால் சிஸ்டம் > ரிகவரி > 'கோ பேக்'. ஆனால் அது மாறிய நாளிலிருந்து 10 நாள் வரைதான். இடையில் டிஸ்க் கிளீனப் ஓட்டிப் பழைய விண்டோஸ் ஃபைல்களை அழித்திருந்தால் அதுவும் இல்லை. 10-க்குத் திரும்பினால் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள், வீட்டு உபயோகத்துக்கு அது 2026 அக்டோபர் 13 வரை.

சர்வீசுக்கு எடுத்து வருவதானால் சிபியுவை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். எங்கள் கடை ஸ்பீக்கரில் மாட்டினால் பெரும்பாலும் நன்றாகவே பாடும், வீட்டுக்குப் போனதும் மறுபடி ஊமையாகும். நீங்கள் மாட்டும் ஹெட்செட் அல்லது ஸ்பீக்கர், மானிட்டருக்குப் போகும் கேபிள், கேமின் பெயர், எந்தத் தேதியில் அப்டேட் ஆனது என்று அப்டேட் ஹிஸ்டரியை எடுத்த ஒரு ஃபோட்டோ, இவ்வளவும் கூட வரட்டும். கேமுக்குரிய அக்கவுண்ட் பாஸ்வேர்டு தெரிந்த பையனையும் அழைத்து வாருங்கள். அப்பா மட்டும் சிஸ்டத்தோடு வந்து நின்றால் கேமைத் திறக்கவே முடிவதில்லை.